செம்மணியில் மண் விலக்கிய கைகளுக்கு

யாழ்ப்பாணம் செம்மணியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியை அகழ்வு செய்த எல்லாருக்கும் வணக்கம்.

1996இல் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, மண்ணிலிருந்து எடுத்த பொருள்களைச் சனங்களுக்குக் காட்டியபோது நானும் போயிருந்தேன். உடுப்புகள், செருப்புகள், வளையல்கள், ஒரு பால் போத்தல், நீல நிறப் புத்தகப்பை. தம்பியின் பொருள் எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் நன்றி, அதே வருடம் பெப்ரவரியில் அந்த மயானத்தில் தகன மேடைக்கு அத்திவாரம் வெட்டிய தொழிலாளர்களுக்கு. எலும்பைக் கண்டதும் கல்லையும் சீமெந்தையும் கொட்டி மூடியிருக்கலாம். நீங்கள் மூடவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அவர்களுக்கும், சட்ட வைத்திய அதிகாரி அவர்களுக்கும், கூடநின்ற பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும்: அவசரப்படாமல் வேலை செய்ததற்கு நன்றி. எலும்பு தட்டுப்பட்ட இடத்தை இயந்திரத்தால் அள்ளினால் யாருடைய கை யாருடைய காலோடு போயிற்று என்றே தெரியாது. நீங்கள் சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை விலக்கி, கிடந்தது கிடந்தபடி படமெடுத்து, இலக்கமிட்டுப் பிறகுதான் தூக்கினீர்கள். ஓர் ஆள் எப்படிக் கிடந்தார், பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் நீதிமன்றத்துக்குச் சாட்சி. இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று காட்டும். பல் வளர்ந்த அளவு பிள்ளையின் வயதைக் காட்டும். புத்தகப்பையோடு கிடந்த பிள்ளைக்கு நாலைந்து வயதுதான் என்று கேட்ட இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

1998இல், பள்ளி மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட படைச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300, 400 பேர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த வருடம் தோண்டியபோது கிடைத்தது 15 பேர்தான். அதோடு கதையை மூடிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம். இந்த முறை செப்டெம்பர் 6 வரை 240 என்புக்கூடுகளை அடையாளம் கண்டீர்கள்.

வெயிலில் நின்ற சட்டத்தரணிகளுக்கும் செய்தியாளர்களுக்கும் நன்றி.

பொருள்கள் வைத்திருந்த இடத்தில் நின்ற தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. ஒரு சோடிச் செருப்புக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். "அவசரமில்லை அம்மா, வடிவாப் பாருங்கோ" என்றீர்கள். பெயர் கேட்க மறந்துபோனேன்.

மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் கேட்கும் நாளில் எங்களுக்கும் சொல்லுங்கள். அம்மாவுக்கு 84 வயது. ஓட்டோ பிடித்தாவது கூட்டிக்கொண்டு வருவேன்.