கண் பிரஷர் நார்மல் என்றால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கண் நரம்பு மெல்லத் தேய்ந்து பார்வை போகும் கிளாக்கோமா நோய் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியில், 'கண் பிரஷர் நார்மலாக இருந்தால் பயமில்லை' என்று ஒரு வரி இருந்தது. (கண் பிரஷர் என்பது கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்.) அதை நம்பிச் சும்மா இருந்துவிடக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5150 பேரைப் பரிசோதித்து 2003-ல் வெளியான அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. சென்னை கிளாக்கோமா ஆய்வில், கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபடாமல் திறந்தே இருக்கும் 'திறந்த கோண வகை' மட்டுமே கிராமத்தில் 1.62, நகரத்தில் 3.51 சதவீதம். அந்தியூர்ப் பக்கம் 40 தாண்டியவர்கள் ஆயிரம் பேர் உள்ள ஓர் ஊருக்கு அரவிந்த் கணக்கைப் போட்டால் 26 பேர் வருகிறார்கள். இரண்டு ஆய்வுகளிலும் திறந்த கோண வகை இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல், அன்றுவரை அது இருப்பதே தெரியாதவர்கள். நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டிய எண் இதுதான்.

இந்த வகை வலிக்காது, கண்ணும் சிவக்காது. ஓரப்பார்வை முதலில் தேய்கிறது. நடுப்பார்வை கடைசிவரை நிற்கிறது. ஒரு கண்ணில் விழுந்த குறையை மறு கண் ஈடுகட்டிவிடும். அதனால் முகாமில் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படிப்பவரை, "கண்ணு நல்லா இருக்குதுங்க" என்று அனுப்பிவிடுகிறோம். டார்ச் அடித்துப் புரை தேடும் முகாமில் இது சிக்காது. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். இதில் போன பார்வை போனதுதான்.

சரி, பிரஷர்? 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை நார்மல் என்கிறோம். சென்னை ஆய்வில் திறந்த கோண வகை இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த அளவுக்குள்தான் இருந்தது. காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு காட்டும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆகவே கண் நரம்பைப் பார்த்தே ஆக வேண்டும். விழித்திரையில் நரம்பு வந்து சேரும் இடம் சின்ன வட்டத் தட்டுப்போல இருக்கும். நடுவில் வெளிறிய குழி. அந்தக் குழி தட்டின் உயரத்தில் பத்தில் ஏழு பங்குக்குப் போனாலோ, இரண்டு கண்ணுக்கும் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலோ ஓரப்பார்வை எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பீல்டு டெஸ்ட் எடுக்க வேண்டும். நரம்பைப் பார்க்கக் கண்மணி விரிய மருந்து விடும் முன் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்; மூக்குப் பக்கம் நிழல் விழுந்தால் கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறையின் ஆழம் குறைவு, கோணம் அடைத்துக்கொள்ளலாம், மருத்துவரைக் கேட்காமல் மருந்து விடக்கூடாது. விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், பைக் ஓட்ட வேண்டாம்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று. பனியன் கம்பெனி, விசைத்தறிக் கூடங்களின் பஞ்சுத்தூசியால் கண் உறுத்தினால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து பல நேரம் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று அட்டையில் போட்டிருந்தால் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. சிலருக்குச் சில வாரத்திலேயே பிரஷர் ஏறும், வலியே இருக்காது.

கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடுபவர்கள் ஒரு சொட்டுக்கு மேல் விட வேண்டியதில்லை. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் உள்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள்; மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடம் விடவும். வீசிங் உள்ளவர், பிரஷரைக் குறைக்கும் டைமோலால் சொட்டு மருந்து தரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பாட்டிலைத் திறந்து நான்கு வாரமானால் மாற்றிவிடுங்கள். 'பார்வை ஒன்றும் கூடலையே' என்று நிறுத்துவதுதான் பெரிய இழப்பு. மருந்து இருப்பதைக் காக்கத்தான்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் நரம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முகாம் நடத்தும் சங்கங்கள் நோட்டீஸில் 'புரை பரிசோதனை' என்பதோடு 'கண் நரம்பு பரிசோதனை' என்றும் அச்சடித்து, 40 தாண்டிய ஒவ்வொருவருக்கும் அதைச் செய்து, குழியின் அளவை அட்டையில் எழுதித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கண் மருத்துவ உதவியாளர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்