பாலக்காட்டு நர்ஸ் சேச்சிக்கு நன்றி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அம்மாவைக் கண் பரிசோதனைக்காகப் பாலக்காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பல வருடச் சர்க்கரை. விழித்திரையில் ரத்தக் குழாய் கசிகிறதா என்று பார்க்க ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார்கள். சாயத்தை ஊசியில் ஏற்றுவார்கள் என்றதும், "கண்ணுலயா குத்துவாங்க?" என்று அம்மா எழுந்தே விட்டார்.

சேச்சி, உங்கள் பெயர் தெரியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தமிழில் சொன்னீர்கள். ஊசி கையில்தான். ஃப்ளூரசீன் என்ற அந்தச் சாயம் பத்துப் பதினைந்து நொடியில் கண்ணுக்குப் போய்விடும். நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். கசிவு உள்ள இடத்தில் அந்த ஒளி பரவிக்கொண்டே போகும். சிலருக்குக் குமட்டும், மூச்சை இழுத்து விட்டால் அடங்கிவிடும். அலர்ஜி, ஆஸ்துமா உண்டா என்றும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டீர்கள்.

1961-இல் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை இது என்று அப்புறம் படித்தேன். பெரிய விஷயம்தான். ஆனால் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தது நீங்கள்.

"தோல் கொஞ்சம் மஞ்சளா இருக்கும், சிறுநீர் ஆரஞ்சா போகும், நாளைக்குச் சரியாயிடும், பயப்படாதீங்கம்மா" என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் அன்று ராத்திரி எங்கள் வீடு ரெண்டுபட்டிருக்கும். கசிவு தெரிந்தது, லேசர் சிகிச்சை ஆரம்பமாகிவிட்டது. அம்மா உங்களை விசாரித்துக்கொண்டே இருக்கிறார். ரொம்ப நன்றி, சேச்சி.