சீசன் பாஸ் எடுக்கலாமா? முடிவு செய்யும் முன் படியுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பனிச்சறுக்கு சீசன் பாஸ் (ஒருமுறை வாங்கினால் அந்தக் குளிர்காலத்தில் பல நாள் சறுக்கலாம்) எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

பாஸ் விலையை ஒருநாள் டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கையைவிட அதிக நாள் போவீர்கள் என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் ஆசையை வைத்து எண்ணாதீர்கள். லீவு கிடைக்குமா, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறதா, பனி கொட்டும்போது அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட முடியுமா என்றெல்லாம் பார்த்து எண்ணுங்கள். கவுன்ட்டர் விலையோடு ஒப்பிடவும் வேண்டாம். ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கினால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

2008-இல் வந்த எபிக் பாஸ், 2018-இல் வந்த ஐகான் பாஸ் இரண்டுமே பல மலைகளில் செல்லுபடியாகும். எந்த மலைக்குப் போகப் போகிறோம் என்று முடிவு செய்தால் எந்தப் பாஸ் என்பது தானாகத் தெரிந்துவிடும். விலை வசந்த காலத்தில்தான் குறைவு, பிறகு படிப்படியாக ஏறும்.

மலிவான பாஸ்களில் கிறிஸ்துமஸ் வாரம் போன்ற நாட்களில் பல மலைகளில் அனுமதி இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கிடைப்பதே அந்த வாரம்தான், தேதிப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். அடிபட்டால் பணம் திரும்புமா என்பதையும்.

புதிதாகக் கற்பவர்கள் இந்த வருடம் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பூட்ஸ், பலகை வாடகை, பயிற்சி எதுவும் பொதுவாகப் பாஸில் சேராது. மூன்றும் லிஃப்ட் டிக்கெட்டோடு (மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான டிக்கெட்) சேர்ந்து வரும் தொடக்கநிலைப் பேக்கேஜ் போதும்.

எடுப்பவர்கள் மலையின் பெயரோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பதில் போடுங்கள்.