ஆண்டறிக்கை 2024–25: மளிகைக் கடையில் ஒரு நோட்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் வேளச்சேரி அண்டை வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். மறைந்த உறுப்பினர்களுக்குச் சற்று முன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஜூன் மாதம் மட்டும் ஆள் சேராமல் தள்ளிப்போனது. சம்பிரதாயம் இத்துடன் போதும்.

சென்ற ஆண்டு அறிக்கையை "சமூகப் பணிக்கு இளைஞர்கள் திரளாக முன்வர வேண்டும்" என்று முடித்திருந்தேன். யாரும் திரளவில்லை. அதற்கு முந்தைய அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன், அதே வாக்கியம். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு கல்லூரி மாணவி கேட்டதைத்தான் இந்த ஆண்டு முழுக்க அசை போட்டுக்கொண்டிருக்கிறேன். "அங்கிள், வாங்க வாங்கன்னு சொல்றீங்க. எங்க வரணும், என்ன செய்யணும், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம்? ஒண்ணுமே சொல்லலையே."

அந்தப் பெண் கேட்டது சரி. அடுத்த வாரமே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. என்ன வேலை, என்ன நாள், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வேண்டும் என்று மேலே எழுதியிருக்கும். கீழே பெயர் எழுதக் காலி வரிகள். வாட்ஸாப் குழுவில் கட்டைவிரல் காட்டுபவர்களைவிட, பால் வாங்க வந்த இடத்தில் பேனாவை எடுத்துப் பெயர் எழுதியவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள். காரணம் தெரியவில்லை. தன் கையெழுத்தில் எழுதிவிட்டால் கூச்சமாவது இழுத்து வரும் போலிருக்கிறது.

முதல் பக்கம் மழை. நம் பேட்டைக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் இரவைக் கழித்தவர்கள் இங்கே பாதிப் பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனது. பால் பாக்கெட்டுக்காக இடுப்பளவுத் தண்ணீரில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. சென்ற அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்த உடனே மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதே, அந்தப் படத்தை நாடே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். அடிபட்டவனுக்குத்தான் தெரியும்.

கார் மேம்பாலம் ஏறிவிடும், நடக்க முடியாத பாட்டி ஏற முடியாது. ஆகவே செப்டம்பரில் நோட்டில் எழுதிய வேலை இது: தெருவுக்கு இரண்டு பேர், ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். வீடு வீடாகப் போய், தனியாக இருக்கும் பெரியவர்கள் யார், தரைத்தளத்தில் படுக்கையில் இருப்பவர் யார், இன்சுலின் போடுபவர் யார், ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்பவர் யார், மாடி வீட்டில் இடம் கொடுக்கத் தயாராக இருப்பவர் யார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. நான்காவது தெருவில் ஒரு தாத்தா, "நீங்க என்ன லோன் கம்பெனியா?" என்று கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் அவருக்குத் தெரிந்த மாமியைக் கூட அனுப்பினோம், காப்பியே கொடுத்து அனுப்பினார். முன்பின் தெரியாத முகத்தை மட்டும் அனுப்பக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டோம். அந்தப் பட்டியல் தெருவுக்கு ஒருவரிடம் காகிதத்தில் இருக்கிறது. கரண்டும் டவரும் போன பிறகு போனில் உள்ள பட்டியலால் பயன் இல்லை.

அதே பக்கத்தில் இன்னொரு வேலை: மழைநீர் வடிகால் வாயைப் பார்ப்பது. சாலையோரக் கம்பி மூடியின் மேல் சருகும் சிப்ஸ் பாக்கெட்டும் படிந்தால், கீழே எவ்வளவு பெரிய வடிகால் இருந்தாலும் தண்ணீர் தெருவில்தான் நிற்கும். துடைப்பமும் கையுறையும் இருந்தால் போதும், அரை மணி நேர வேலை. மூடியைத் திறந்து உள்ளே இறங்கும் வேலையை நம்மில் யாரும் தொடக் கூடாது, காசு கொடுத்து யாரையும் இறக்கவும் கூடாது. மனசாட்சி அதைத் தடுக்க வேண்டும். உள்ளே அடைப்பு என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை நோட்டில் எழுத வேண்டும். பத்து வீடுகளிலிருந்து பத்துப் புலம்பல் போவதைவிட, எழுதி வைத்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்பதற்கு மதிப்பு அதிகம். ஓர் அலுவலகத்தில் ஒரே புகாரைப் பணி செய்யாமலே மூன்று முறை "முடிக்கப்பட்டது" என்று மூடினார்கள். நான்காவது முறை, தேதி போட்டுப் படத்தோடு நம் மாணவி போய் நின்றாள். வேலை நடந்தது.

குப்பைக்கு வருகிறேன். இதில் நாம் தோற்றதையும் சொல்ல வேண்டும். 1989இல் இதே சென்னையில் எக்ஸ்னோரா என்ற தூய்மை இயக்கம் தொடங்கிய காலத்தில், வீடுகள் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி வாசலிலேயே குப்பை வாங்கச் செய்தார்கள். நம் மூத்தவர்கள் சிலர் அதில் இருந்தவர்கள். இப்போது வண்டி மாநகராட்சியே அனுப்புகிறது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் இந்த அறிக்கை ஆண்டில் நம் வேலையாக இருந்தது. அதைக்கூட நாம் முழுதாகச் செய்யவில்லை. நாம் கலந்து போடுவது எங்கேயோ போவதில்லை. பக்கத்தில் பெருங்குடிக்குத்தான் போகிறது. 2022 ஏப்ரலில் அந்தக் குப்பை மேடு பற்றி எரிந்த புகை யார் வீட்டு ஜன்னலில் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மேட்டின் கீழ் கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அதே 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈர நிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

ஜூலையில் பூங்கா ஓரத்தில் உரத்தொட்டி ஆரம்பித்தோம். இரண்டாம் வாரமே புழு, நாற்றம், சண்டை. "சேவை செய்யறேன்னு ஈ வளர்க்கறாங்க" என்று ஒரு பெரியவர் சொன்னது என் காதில் விழுந்தது. தப்பு எங்களுடையதுதான். சமையலறைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனோம், காய்ந்த சருகு போடவில்லை. ஈரத்துக்கு ஈடாகச் சருகோ தென்னை நார்த் தூளோ போட்டு, அவ்வப்போது கிளறி, கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நாற்றம் வராது. இதைச் சொல்லிக் கொடுத்தவர் நம் தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அக்கா. நாங்கள் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தோம், அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி. உரத்தொட்டி இப்போது நடக்கிறது, ஆனால் வெறும் பன்னிரண்டு வீடுகளோடு.

அடுத்தது வாக்காளர் பட்டியல். 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் போய், பெயர் இல்லை என்று திரும்பியவர்கள் நம் தெருக்களிலும் உண்டு. அன்று கோபப்பட்டு ஒரு பயனும் இல்லை. ஆகவே நவம்பர் மாதச் சிறப்பு முகாமின்போது சனி, ஞாயிறுகளில் இருவர் மாறி மாறி வாக்குச்சாவடி மையத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருப்பதும், 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதும் வந்தவர்களில் பலருக்குப் புதிய செய்தி. இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: கட்சிக் கரை வேட்டியோ துண்டோ அணிந்து உட்காரக் கூடாது. ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். பரவாயில்லை. அப்புறம், மாநகராட்சி வார்டுகளுக்கு ஏரியா சபை விதிகள் 2022இல் வந்துவிட்டன. அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போய்த் தெருவின் குறையைப் பேசலாம். நம் கூட்டத்தில் உரக்கப் பேசுபவர்களை அங்கேயும் எதிர்பார்க்கிறேன்.

ரத்ததான முகாம் ஜூன் 14, உலக ரத்தக் கொடையாளர் தினத்தன்று நடந்தது. 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை தரலாம். பெண்கள் நிறையப் பேர் ஆர்வமாக வந்து ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்பியது எனக்கு உறுத்தலாக இருந்தது. ரத்தம் கொடுக்க வந்தவருக்கே ரத்தம் குறைவு. வரும் ஆண்டு முகாமுக்கு ஒரு மாதம் முன்பே பரிசோதனை வைக்கலாம் என்பது மகளிர் பிரிவின் யோசனை, நான் வழிமொழிகிறேன்.

கண்தானம் பற்றியும் ஒரு வார்த்தை. உறுதிமொழி அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தால் போதாது, வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் நல்லது. சர்க்கரை நோயாளியும் கண்ணாடி போட்டவரும் தரலாம். இந்த ஆண்டு நம்மில் ஒரு குடும்பம், அழுகைக்கு நடுவே, அதைச் செய்தது. அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நோட்டில் நான் எதிர்பார்க்காமல் நிரம்பிய பக்கம் ஒன்று உண்டு, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருவது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் அவர்களுக்கு மணிக்கு இருபது நிமிடம் கூடுதல், ஆகவே நாமும் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். ஆனால் மாணவர் தானே அழைத்து வரும் எழுத்தர், அவரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உடையவராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பட்டப்படிப்பு மாணவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைதான் சரி. "அறுபத்தெட்டு வயசுல ஓவர் குவாலிஃபைட் ஆயிட்டேன்" என்று ஐயா சிரித்தார். இப்போது அவர் பாடங்களை வாசித்துப் போனில் ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறார். அதற்கு எந்த விதியும் குறுக்கே வரவில்லை. எழுதப் போவது நம் வீட்டு ப்ளஸ் டூ பிள்ளைகள். "அந்த அண்ணா சொல்ற வேகத்துக்கு என்னால எழுத முடியல" என்று ஒரு பையன் வந்து சொன்னான். அன்று முதல் அவன் தமிழ் எழுத்துப் பயிற்சி செய்கிறான் என்று அவன் அம்மா சொன்னார்.

பிள்ளைகள் சிலர் பிப்ரவரியில் ஆமை நடைக்கும் போனார்கள். 1988இலிருந்து மாணவர்களே நடத்தும் ஓர் அமைப்பின் ஏற்பாடு அது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி நள்ளிரவில் கடலோரம் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுகிறார்கள். இந்த ஆண்டு ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. போன பிள்ளைகள் முதலில் பார்த்ததும் செத்த ஆமைதான். அடுத்த வாரம் மறுபடி போனார்கள்.

மரம் நடுவிழாவில் நட்ட செடிகளில் பெரும்பாலானவை மே மாத வெயிலில் போய்விட்டன. விழாவுக்கு வந்தவர்களில் யாரும் தண்ணீர் ஊற்றப் பெயர் எழுதவில்லை. இனி தண்ணீர் ஊற்ற ஆள் எழுதிய பிறகே குழி தோண்டுவோம்.

புதிய நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. காலியாக உள்ள பக்கங்கள்: இரண்டாவது தெரு வடிகால் வாய், தனியாக வசிக்கும் இரு பெரியவர்களை மாதம் ஒரு முறை வங்கிக்கு அழைத்துப் போவது, அரசுத் தொடக்கப் பள்ளியில் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு மணி நேரம் கதை வாசிப்பது. கடைசிப் பக்கத்தில் "செயலாளர், மாதம் பத்து மணி நேரம், ஓராண்டு" என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் நான்கு ஆண்டு பார்த்துவிட்டேன். என் மனைவி அந்தப் பக்கத்தை முதலில் காட்டச் சொன்னார்.

பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன முறை காணாமல் போனது. அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சுண்டல் ஆறுவதற்குள் பொருளாளர் முடித்துவிடுவார்.

இப்படிக்கு,
செயலாளர்