பெண்கள் ஐக்கிய சங்கம்: 2025 ஆம் ஆண்டறிக்கை

தலைவி ஆயரம்மா அவர்களே, ஆயர் ஐயா அவர்களே, அன்பான சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஆண்டுத் தொடக்கத்தில் 52 பேராக இருந்தோம், இப்போது 58 பேர். செவ்வாய்க்கிழமைக் கூட்டங்கள் 41 நடந்தன. சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்துச் சேர்க்கும் பிடி அரிசிக் காணிக்கை, அரசு மருத்துவமனைச் சந்திப்பு, அறுப்பின் பண்டிகைக் கடை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காரியத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அது கடன்.

பிப்ரவரியில் நம் சகோதரி ஒருவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நாங்கள் மூன்று பேர் சிவதாபுரம் பக்கம் அவர் வீட்டுக்குப் போனோம். முன்னறையிலேயே கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் வராததற்குக் காரணம் செவ்வாய்க்கிழமைதான். பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கும் குழுக் கடனுக்கு அன்றைக்குத்தான் தவணை கட்டும் நாள். மாமியார் இடுப்பு எலும்பு முறிந்தபோது வாங்கியது முதல் கடன். அதே குழுவில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண் கட்ட முடியாமல் போனபோது, அவருடைய தவணையும் இவர் தலையில் விழுந்தது. அதைக் கட்ட இன்னொரு குழு, அதற்காக மூன்றாவது, அப்புறம் நான்காவது. "செவ்வாய்க்கிழமை வந்தா ஜெபம் பண்ணக்கூட வாய் வரமாட்டேங்குதுங்க அக்கா" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்தின் முடிவில் வழக்கம்போல் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னோம். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் கடன்தான். பாவம் என்று பொருள் கொண்டு பழகிவிட்டோம், அதில் தவறில்லை. ஆனால் நான்கு குழுவுக்குத் தவணை கட்டும் ஒரு பெண் அந்த வரியைச் சொல்லும்போது அவர் மனதில் என்ன ஓடும் என்று இத்தனை வருடமாக நாம் யோசித்ததே இல்லை. செயற்குழு கூடி, இந்த ஆண்டின் பாடம் இதுதான் என்று தீர்மானித்தோம்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் ஆறு வாரமும் இதற்கே கொடுத்தோம். கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான் என்று எலிசாவிடம் அழுத விதவையைப் படித்தோம். அடகு வாங்கப் போகிறவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்கிற உபாகமம் 24ஆம் அதிகாரத்தைப் படித்தோம். அதிகம் பேச்சு வந்தது நெகேமியா 5ஆம் அதிகாரத்தில்தான். தங்கள் நிலங்களையும் பிள்ளைகளையும் அடகு வைத்த ஜனங்கள் கூக்குரலிட, நெகேமியா பெரியவர்களைக் கூட்டி, வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அங்கே வட்டி "நூற்றுக்கொன்று வீதம்" என்று வருகிறது. அதை மாதக் கணக்காகவே வைத்துக்கொண்டாலும் நம் ஊர்ப் பேச்சில் அது ஒரு வட்டி. இங்கே மூணு வட்டி நியாயம், அஞ்சு வட்டி சாதாரணம், அவசரத்துக்குப் பத்து வட்டி என்கிறோம். இதைக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து சொன்னபோது சிலர் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தேன்.

அதை மறைக்க வேண்டியதில்லை. கடன் வாங்கியவர்களும் வட்டிக்குக் கொடுப்பவர்களும் நம் சபையில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். வட்டிக்குக் கொடுப்பவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கணவர் இல்லாமல், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை வட்டிக்கு விட்டுத்தான் சாப்பிடுகிற மூத்த சகோதரிகளும் இருக்கிறார்கள். அன்றைய கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன, இரண்டு பேர் எழுந்து போனார்கள். அந்த வாரமே நானும் ஆயரம்மாவும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். ஒருவர் இன்னும் வரவில்லை, அவருக்காக ஜெபிக்கிறோம். மற்றவர் ஈஸ்டருக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, தன்னிடம் கடன்பட்ட ஏழு பேரின் புரோநோட்டுகளை எடுத்து வைத்து, "அசல் போதும், எழுதிக்கோ" என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைச் சொல்லவில்லை. அந்த ஏழு பேரில் மூன்று பேர் நம் சபையே இல்லை.

இதெல்லாம் சபைக்குப் புதிய வேலையா என்று ஒரு கேள்வி வந்தது. புதியதே அல்ல, அதுவும் நம் ஊருக்கு. 1876 இல் இதே சேலத்தில் பிறந்து 1931 இல் இங்கேயே மறைந்த கே.டி. பால், கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்திய தேசியப் பொதுச் செயலாளர். 1930 வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று சிலருக்குத் தெரியும். கிராமத்து ஏழையை அழுத்துவது கடன் என்று கண்டு, கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கட்டும் வேலையை ஒய்.எம்.சி.ஏ.வின் ஊழியமாகவே அவர் ஆக்கினார் என்பது நம்மில் பலருக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. ஜூலையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வந்து அவரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். நான் செயலாளராக இருந்த நாட்களில் இவ்வளவு அமைதியாக இருந்த கூட்டம் வேறு இல்லை.

ஆகஸ்டில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். இவை 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருப்பவை. இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் திரும்பவும் எழுதுகிறேன். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் இந்தக் கடன். ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் பணம் கேட்டு அழைக்கக் கூடாது. வசூல் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். இதைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "உபாகமத்திலயும் இதையேதானே சொல்லியிருக்கு, வெளிய நில்லுன்னு" என்றார்.

செப்டம்பரில் நம் சகோதரி ஒருவர் வீட்டு வாசலில் இரவு எட்டரை மணிக்கு வசூல்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். அந்தச் சகோதரி போன் செய்ததும் நாங்கள் ஐந்து பேர் போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். சத்தம் போடவில்லை. விதியைச் சொன்னோம், நாளைக் காலையில் வரச் சொன்னோம். அந்த வசூல்காரரும் சின்னப் பையன்தான், மேலே இருப்பவர்கள் போன் மேல் போன் போட்டு அவனை விரட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். அதற்குப் பிறகு இரவில் யாரும் வரவில்லை.

சரி, நிதிக்கு வருகிறேன். பிடி அரிசி விற்ற பணத்தையும் அறுப்பின் பண்டிகைக் கடையின் லாபத்தையும் சேர்த்து, வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றைத் தொடங்கினோம். ஒருவருக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், பத்து மாதத்தில் திருப்பித் தர வேண்டும். 14 பேருக்குக் கொடுத்தோம். இது சிறிய தொகைதான். ஆனால் பள்ளி திறக்கும் ஜூனில் 5,000 ரூபாய்க்காகத்தான் ஒரு பெண் ஐந்தாவது குழுவில் கையெழுத்துப் போடுகிறாள்.

நவம்பரில் ஏற்காட்டில் ஒரு நாள் தியானக் கூட்டம் வைத்தோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பாடிக்கொண்டே ஏறினோம், கடைசி நான்கில் மட்டும் பனி காரணமாக வேன் ஊர்ந்தது. காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் தோட்டத்துப் பெண்கள் மாலையில்தான் வர முடிந்தது. ஏழை வேலைக்காரனின் கூலியைப் பொழுதுபோகும் முன் கொடுத்துவிட வேண்டும் என்ற வசனத்தைப் படித்தபோது அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்து, "உங்க வீட்டுல வேலை செய்யற பொம்பளைக்கு என்னைக்கு சம்பளம் குடுக்கறீங்க?" என்று கேட்டார். எங்களில் பலரால் பதில் சொல்ல முடியவில்லை. மாதம் முடிந்து பத்து நாள், பதினைந்து நாள் என்று இழுப்பதை நாம் யாரும் கடனாக எண்ணியதே இல்லை. டிசம்பர் முதல் ஒன்றாம் தேதியே கொடுப்பதென்று 31 பேர் கையெழுத்திட்டார்கள்.

முடியாமல் போன வேலைகளும் உண்டு. கல்யாணச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். நகையைப் பற்றிப் பேச நமக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதை வரும் ஆண்டு மறுபடியும் எடுக்க வேண்டும். லண்டன் மிஷன் ஊழியம் சேலத்தில் தொடங்கியது 1827 இல். 2027 இல் வரும் 200ஆம் ஆண்டுக்கான ஆயத்தத்தில் நம் சங்கத்துக்கும் பங்கு கேட்டிருக்கிறோம்.

கடைசியாக, இன்று பொதுக்குழு முடிவு செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கைமாற்று நிதியில் 14 பேரில் இரண்டு பேரால் திருப்பித் தர முடியவில்லை. ஒருவர் வீட்டில் தறி நின்றுவிட்டது, இன்னொருவர் தன் கணவரை அடக்கம் செய்து மூன்று மாதம்தான் ஆகிறது. பாக்கி 7,500 ரூபாய். செயற்குழுவில் நான்கு பேர் அதைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்றார்கள். மூன்று பேர், தள்ளுபடி செய்தால் அடுத்தவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது, தவணையை நீட்டிக்கலாம் என்றார்கள். இரண்டு பக்கமும் அன்பினால்தான் பேசினார்கள். தள்ளுபடி செய்துவிடலாம் என்பதே என் எண்ணம். பொருளாளர் கணக்கை வாசித்து முடித்ததும், கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிவிட்டு, வாக்கெடுப்புக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்