எங்கள் திருமறை ஆய்வு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–2025

சேகர ஆயர் ஐயா அவர்களே, வட்டத்தின் தலைவர் அம்மா அவர்களே, பெரியோர்களே, வாலிபப் பிள்ளைகளே, எல்லாருக்கும் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் 11 முறை கூடியது. டிசம்பரில் மழையும் கிறிஸ்மஸ் பஜனையும் சேர்ந்துகொண்டதால் கூட்டம் இல்லை. உறுப்பினர்கள் 41 பேர். நம்மோடு தொடக்கத்திலிருந்தே இருந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டுவந்த மூத்த தாயார் ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய இடத்தில் இப்போது அவருடைய மருமகள் வந்து உட்காருகிறார்.

வழக்கமாக நாம் ஓர் ஆண்டுக்கு ஒரு புத்தகம் என்று எடுத்து வாசிப்போம். இந்த ஆண்டு அப்படி நடக்கவில்லை. ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களைத் தாண்டவே இல்லை. அதற்குக் காரணம் ஒரு பிள்ளை. ஏப்ரல் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்புக்குப் போகிற நம் ஞாயிறு பள்ளி மாணவி வந்து, “அங்கிள், அறிவியல் புத்தகத்துல பரிணாமப் பாடம் இருக்கு. பரீட்சையில ஒண்ணு எழுதிட்டு இங்க வந்து வேற ஒண்ணு சொல்லணுமா?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த நாளே தலைவர் அம்மாவிடம் சொன்னேன். “அந்தக் கேள்வியையே இந்த வருஷத்துக்குப் பாடமா வச்சுக்குவோம்” என்று அவர் முடிவு செய்தார்கள்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு இறையியல் கல்லூரி ஒன்றில் பழைய ஏற்பாடு கற்பிக்கும் பேராசிரியர் வந்தார். “நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக” என்ற ஒரே வசனத்தில் இரண்டு மணி நேரம் நம்மை உட்கார வைத்தார். சாயல், ரூபம் என்ற இரண்டு சொற்களுக்கும் எபிரெயத்தில் ட்செலெம், தெமூத் என்று பெயர். 1979-இல் சிரியாவில் தெல் ஃபெகெரியே என்ற இடத்தில் ஓர் ஆளுநனின் கற்சிலை கிடைத்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் அரமேய மொழியில் வெட்டியிருக்கும் எழுத்து அந்தச் சிலையை இதே இரண்டு சொற்களால்தான் குறிக்கிறதாம். ஆளுகிறவன் தான் இல்லாத இடத்தில் தன் சிலையை நிறுத்தி, “இங்கே நான் இருக்கிறேன்” என்று காட்டுவான். அந்தக் கால அரண்மனைகளில் தெய்வத்தின் சாயல் என்றால் அரசன் ஒருவன்தான். பாபிலோனியப் படைப்புக் கதையில் மற்ற மனிதர்கள் தேவர்களின் வேலைச்சுமையைச் சுமப்பதற்காக, தோற்றுப்போன ஒரு தேவனின் இரத்தத்திலிருந்து செய்யப்பட்டவர்கள். இப்படிப்பட்ட உலகத்தின் நடுவில்தான் ஆதியாகமம், ஆணும் பெண்ணுமாக எல்லாரையும் தேவசாயல் என்று சொல்கிறது. வீட்டு வேலைக்குப் போகிற நம் சகோதரி ஒருவர் அன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம், “அப்போ ராஜாவுக்கு வச்ச பேர எனக்கும் வச்சிருக்காரு, இல்லண்ணே?” என்றார். பேராசிரியர் சொன்னதைவிட எனக்கு அதுதான் மனதில் தங்கியது.

ஆகஸ்ட் கூட்டம் நம் தாயாரின் அடக்கம் முடிந்த அடுத்த வாரம் நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஆயர் ஐயா வாசித்த “நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்” என்ற வசனம் எல்லார் காதிலும் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதனால் இரண்டாம் அதிகாரம் ஏழாம் வசனத்தை எடுத்தோம். தேவனாகிய கர்த்தர் மனுஷனைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கி, ஜீவசுவாசத்தை அவன் நாசியிலே ஊதினார். எபிரெயத்தில் மண்ணுக்கு அதமா, மனிதனுக்கு ஆதாம். மண்ணிலிருந்து வந்தவன் என்பது அவன் பெயரிலேயே இருக்கிறது. அதோடு, “மனுஷன் ஜீவாத்துமாவானான்” என்று நாம் வாசிக்கிற இடத்தில் மூலத்தில் நெஃபெஷ் ஹய்யா என்று இருக்கிறது. முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்கும் அதே சொல்தான். நம் தமிழ்த் திருமறை அங்கே ஜீவஜந்து என்றும் இங்கே ஜீவாத்துமா என்றும் பிரித்துவிட்டது. பத்தொன்பதாம் வசனத்தில் மிருகங்களையும் பறவைகளையும்கூட மண்ணினாலேயே உருவாக்கினார் என்று எழுதியிருக்கிறது. ஆடு மாடுகளோடு நமக்கு உறவு உண்டு என்று சொல்வதற்குத் திருமறை வெட்கப்படவில்லை. நாம்தான் வெட்கப்படுகிறோம்.

செப்டம்பர் கூட்டத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று வாக்குவாதம் நடந்தது. 1650-இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், திருமறை வம்ச வரலாறுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று கணக்கிட்டார். பின்னாளில் ஆங்கிலத் திருமறைகளின் ஓரத்தில் அந்த எண் அச்சாகி, வசனத்தோடு வசனமாகவே பலர் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சூரியனே நான்காம் நாளில்தானே வருகிறது, அதற்கு முந்திய நாட்களை எப்படி நாள் என்று அளப்பது என்று ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்தீன் யோசித்திருந்தார். கத்தோலிக்க சபையில் 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் பரிணாமம் பற்றிய ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். 1996-இல் இரண்டாம் ஜான் பால் அது வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார். 2003-இல் நிறைவடைந்த மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையாக விசுவாசத்தை அறிக்கையிடுகிற கிறிஸ்தவர். இதையெல்லாம் நான் கட்டுரையாக வாசித்தேன்.

ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற நம் அண்ணாச்சி எழுந்து, “தம்பி, ஆறு நாள்னு எழுதியிருக்கு, நான் ஆறு நாள்னுதான் நம்புதேன். குரங்குக்குப் பிறந்தவன்னு என் பேரன்ட்ட சொல்லமாட்டேன்” என்றார். அவரோடு இன்னும் நான்கு பேர் வெளியே போனார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் அவர்கள் வரவில்லை. என் கட்டுரையில் நான் அவசரப்பட்டேன் என்று இங்கே பதிவு செய்கிறேன். ஐம்பது ஆண்டுகள் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவரிடம் ஒரு மாலையில் வந்து அது அப்படியில்லை என்று சொன்னேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, சொன்ன விதத்துக்காகக் கேட்டேன். அவரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஜனவரியில் வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அந்த ஜனவரிப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். நாம் குடியிருக்கிற இந்தப் பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது நிலவியலாளர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. டார்வினின் நூல் வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டார்கள்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. ஃபூட் மணந்த எலிசபெத், பீட்டர் பெர்சிவல் ஐயரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு திருமறையைத் தமிழாக்கி 1850-இல் வெளியிட்டவர் அதே பெர்சிவல்தான். “மனுஷனை மண்ணினாலே உருவாக்கி” என்ற வசனத்துக்குத் தமிழ் தேடியவர் மாமனார். அந்த மண்ணைக் கிளறி மனிதன் எவ்வளவு பழையவன் என்று காட்டியவர் மருமகன். பெர்சிவல் 1882-இல் ஏற்காட்டில் இறந்தார். ஃபூட் பிற்காலத்தில் அதே ஏற்காட்டில் வாழ்ந்தார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு தேடலுக்கும் இடம் இருந்திருக்கிறது. இதை நான் வேனில் மைக் பிடித்துச் சொன்னபோது அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேர்த்த கற்கருவிகளைப் பார்த்தோம். பிறகு பூண்டி அகழ்வைப்பகம், அங்கிருந்து அத்திரம்பாக்கம். முட்செடியும் செம்மண்ணும் கூழாங்கல்லுமாக, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடம். 2011-இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு அம்மையாரின் ஆய்வுக் குழு, அங்கே அடியிலிருக்கும் கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று வெளியிட்டது. மேலே உள்ள இன்னொரு வகைக் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டுகள் என்று 2018-இல் வெளியிட்டது. அவற்றைச் செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. 15 லட்சம் ஆண்டுகள் என்றால் நம்மைப் போன்ற மனித இனம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு.

அப்படியானால் அவர்கள் தேவசாயலா? பிள்ளைகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். சாயல் என்பது மூளையின் அளவோ முகவெட்டோ அல்ல. தேவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், “நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டதும், பதில் சொல்லக் கடமைப்பட்டதும்தான் சாயல். அந்த அழைப்பு எந்த நாளில் எவர் காதில் முதலில் விழுந்தது என்று கல் சொல்லாது. ஆயிரம் வருஷம் உமது பார்வைக்கு இராச்சாமம்போல் இருக்கிறது என்று தொண்ணூறாம் சங்கீதம் சொல்லும்போது, அந்த இராச்சாமத்தின் நீளத்தைப் பற்றி நான் பயப்பட வேண்டியதில்லை.

எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அண்ணாச்சி ரொம்ப நேரம் நின்றார். தன் உள்ளங்கையை விரித்து, மடக்கிப் பார்த்தார். “இத செஞ்சவனுக்கும் நம்ம கை மாதிரிதான பிடி இருந்திருக்கு, தம்பி” என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி கூட்டத்தில்தான் நம் வட்டத்துக்கு இந்த ஆண்டின் கண்டுபிடிப்பு கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர், ஹென்றி பவர் குழு 1871-இல் முடித்த, இன்றும் நம் பீடத்தில் வாசிக்கப்படுகிற மொழிபெயர்ப்பை எடுத்து முதல் அதிகாரத்தில் ஒரே ஒரு சொல்லை எண்ணிக்கொண்டு வந்தார். கனிமரங்கள் தங்கள் தங்கள் ஜாதியின்படியே. பட்சிகள் ஜாதிஜாதியாக. நாட்டு மிருகமும் காட்டு மிருகமும் ஜாதிஜாதியாக. மனிதனிடம் வந்ததும் அந்தச் சொல் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் சாயல் என்ற சொல் வருகிறது. “மனுஷனை ஜாதிஜாதியா உண்டாக்குனார்னு எங்கயும் இல்லீங்க. புல்லுக்கும் பூச்சிக்கும் இருக்கு. நமக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தார். கூடம் அமைதியாகிவிட்டது. பிறகு ஆயர் ஐயா அப்போஸ்தலர் 17:26-ஐ வாசித்தார். அங்கே ஜாதி என்ற சொல் வருகிறது, மனுஷஜாதி என்று ஒருமையில். சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணினார்.

இதற்குப் பிறகு அறிவியலில் தகராறு எதுவும் வரவில்லை. எந்த இரண்டு மனிதரின் மரபணுவை எடுத்தாலும் வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதும், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் பங்கேற்ற ஆய்வில் மதுரை வட்டாரத்தில் கிடைத்த எம்130 என்ற மரபணு அடையாளம் ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்தவர்களோடு நம்மைச் சேர்க்கிறது என்பதும், அந்த வசனத்துக்குப் பக்கத்தில் இயல்பாகவே வந்து உட்கார்ந்தன. ஆறு நாள் என்று நம்புகிறவரும் 15 லட்சம் ஆண்டு என்று நம்புகிறவரும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நின்றோம்.

ஆனால் நம் சபை இங்கே நிற்கிறதா? 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். இப்போது யாரும் சபையை விட்டுப் போவதில்லை, சாதியை உள்ளேயே வைத்துக்கொள்கிறோம். நம் சபை அலுவலகத்தில் இருக்கிற திருமணத் தகவல் பதிவேட்டில் பெயர், வயது, படிப்புக்குப் பிறகு “பிரிவு” என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது எந்தப் பிரிவு என்று நம் எல்லாருக்கும் தெரியும். என் மகளுக்கு வரன் தேடியபோது நானும் அதை நிரப்பினேன். பேனாவைப் பிடித்த அந்தக் கை எனக்கு இந்த ஆண்டு முழுவதும் உறுத்தியது.

வரவு செலவு: தொடக்க இருப்பு ரூ. 4,310. ஆண்டுச் சந்தா 38 பேரிடம் ரூ. 7,600. நன்கொடை ரூ. 5,500. ஆக வரவு ரூ. 17,410. வேன் வாடகை ரூ. 7,800, சிற்றுண்டி ரூ. 3,150, ஜெராக்ஸ் ரூ. 1,260, பேச்சாளர் பயணப்படி ரூ. 1,500. செலவு ரூ. 13,710 போக, கையிருப்பு ரூ. 3,700. மூன்று பேர் சந்தா பாக்கி.

கூடத்தைத் தந்த சபைக் கமிட்டிக்கும், பயணத்தன்று எலுமிச்சைச் சாதமும் புளியோதரையும் கட்டிக்கொடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி. கேள்வி கேட்ட பிள்ளை பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். ஏப்ரல் கூட்டத்தில் சங்கீதம் 8 பற்றி அவளே கட்டுரை வாசிக்கிறாள்.

மார்ச் கூட்டத்தில் 26 பேர் கையெழுத்திட்ட தீர்மானம் ஒன்று என்னிடம் இருக்கிறது. திருமணத் தகவல் பதிவேட்டில் “பிரிவு” என்ற கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று சபைக் கமிட்டியைக் கேட்கிறது. முதல் கையெழுத்து ரயில்வே அண்ணாச்சியுடையது. அதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இப்போது வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்டவருடைய பணியில்,
செயலாளர்