பேதுருவின் இருக்கை காலியாக இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

1958-இல் பன்னிரண்டாம் பயஸ் இறந்ததோடு, பேதுருவின் வாரிசுகளான திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) வரிசை முடிந்துவிட்டது, அதன் பிறகு வந்தவர்கள் அனைவரும் தப்பறைக்காரர்கள், அதாவது விசுவாச சத்தியத்தை மறுப்பவர்கள் என்று சாதிக்கும் காணொளிகள் ஏற்காட்டுப் பக்கம் செல்பேசிக்குச் செல்பேசி பரவுகின்றன. எங்கள் அன்பிய (பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) கூட்டத்தில், காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "சார், இவளுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

செல்லும். காணொளி சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் செல்லும். தப்பறைக்காரர் கொடுக்கும் ஞானஸ்நானம் வீண் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் வாதாடினார். திருத்தந்தை முதலாம் ஸ்தேவான் அதை ஏற்கவில்லை. திருச்சபையும் ஸ்தேவான் பக்கமே நின்றது. தண்ணீரும், தந்தை மகன் தூய ஆவியின் பெயரும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணமும் இருந்தால் போதும்.

அடுத்தது தப்பறை. விசுவசித்தே ஆகவேண்டிய ஒரு சத்தியத்தை, ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் பிடிவாதமாக மறுப்பதோ சந்தேகிப்பதோதான் தப்பறை என்கிறது திருச்சபைச் சட்டம் 751. தவறாக ஒன்றைச் சொல்லிவிடுவது மட்டும் தப்பறை ஆகிவிடாது. நீதிமான்களின் ஆன்மாக்கள் பொதுத்தீர்வைக்கு (உலக முடிவில் வரும் இறுதித் தீர்ப்புக்கு) முன் கடவுளை முகமுகமாய்க் காண்பதில்லை என்று திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் 1331 முதல் மறையுரைகளில் சொல்லிவந்தார். பாரீஸ் இறையியலாளர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். 1334-இல் மரணப்படுக்கையில் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல் அதற்கு நேர்மாறானதை விசுவாச சத்தியமாக வரையறுத்தார். யோவானின் பெயர் திருத்தந்தையர் பட்டியலில் இன்றும் இருக்கிறது. இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் ஆயர்களின் பொதுச்சங்கம் கண்டனம் செய்த திருத்தந்தை ஹொனோரியுஸ் பெயரும் அப்படியே இருக்கிறது.

வெளிப்படையான தப்பறைக்காரர் திருத்தந்தையாக நீடிக்க முடியாது என்று இறையியலாளர் புனித ராபர்ட் பெல்லார்மின் எழுதியிருப்பது மெய்தான். காணொளிக்காரர்கள் அதை விடாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த விஷயத்தில் இருந்த பல கருத்துகளுள் அதுவும் ஒன்று. தாமாகப் பதவி போய்விடாது, நீக்கப்பட வேண்டும் என்றார் கர்தினால் கயத்தான். இரண்டில் எதையும் திருச்சபை கோட்பாடாக அறிவிக்கவில்லை. அது அறிவித்திருப்பது வேறு: பேதுருவுக்கு என்றென்றும் வாரிசுகள் இருப்பார்கள் என்றது 1870-இன் முதலாம் வத்திக்கான் சங்கம். முதல் ஆசனத்துக்கு, அதாவது திருத்தந்தைக்கு, யாரும் தீர்ப்பிட முடியாது என்கிறது சட்டம் 1404. திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கர்தினால்கள்; பன்னிரண்டாம் பயஸ் நியமித்த கர்தினால்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. காணொளிக்காரர்கள் கணக்குப்படி, இனி திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க யார் மிச்சம்? இதற்கு ஒரு காணொளியிலும் எனக்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

பழைய லத்தீன் பூசைமேல் பற்றுள்ளவர்களை நான் குறைசொல்லவில்லை. அந்தப் பற்று எனக்கும் உண்டு. மேய்ப்பர்களிடம் மனக்குறையைச் சொல்லும் உரிமையை, சில வேளைகளில் கடமையையே, சட்டம் 212 நமக்குத் தருகிறது. ஆனால் 2025 மே 8-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோவின் பெயரை நம் சேலம் மறைமாவட்டப் பலிபீடங்களில் தினமும் சொல்லிச் செபிக்கிறோம். அந்த ஒன்றிப்பை முறித்துக்கொள்வது தப்பறையை எதிர்ப்பதாகாது. அதன் பெயர் பிரிவினை.

பங்குத்தந்தையர்கள் இதை வாட்ஸ்அப் வம்பு என்று ஒதுக்காமல், ஞாயிறு மறையுரையிலும் தோட்டக் குடியிருப்பு அன்பியங்களிலும் எளிய தமிழில் விளக்க வேண்டும். இந்த மூன்று சட்டங்களையும் ஒரு தாளில் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுக்க மறைக்கல்வி ஆசிரியர்களான நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
ஏற்காடு